படகில் கடைசியாக ஏறுகிறவள்

எங்கள் தொழிலில் முன்னால் நடக்கிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும், பின்னால் நடக்கிறவளுக்கு யாரோ மறந்துவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடி கிடைக்கும்.

நான் பின்னால் நடக்கிறவள். மலேசியாவில், கோலசிலாங்கூர் ஜெட்டி என்கிற படகுத் துறையிலிருந்து படகில் ஏறிக் கடலுக்குள் கொஞ்ச தூரம் போனால் ஒரு மணல் திட்டு வரும். எப்போதும் வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும்போது மட்டும் தலையைக் காட்டும். மணலுக்கு மேல் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். காற்றில்லாத காலை என்றால் வானம் முழுசும் அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். மேலேயும் மேகம், கீழேயும் மேகம், நடுவில் நாம். எது கடல், எது வானம் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. சுற்றுப்பயணிகள் ஸ்கை மிரர் என்கிறார்கள். நான் என் மகளிடம் வானக் கண்ணாடி என்று சொல்வேன். ஆட்களை அங்கே கூட்டிப் போய், படம் பிடித்துக் கொடுத்து, தண்ணீர் ஏறுவதற்குள் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

கல்யாண மண்டபத்தில் எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டுகிறவர்களே, திருவிழா பஸ்ஸில் "எல்லாரும் ஏறியாச்சா" என்று கேட்டுக் கேட்டே தன் சீட்டைப் பறிகொடுத்தவர்களே, குடும்பப் படத்தில் பாதிக் காது மட்டும் தெரிகிறவர்களே, இது நமக்காக எழுதியது.

சிலிப்பர் கூடை

வேலை எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படகு மணலில் தட்டியதும் செல்வி குதிப்பாள். செல்வி என் கூட வேலை செய்கிறவள், இருபத்தைந்து வயசு, பட்டாசு மாதிரிப் பேச்சு. கையில் ஒரு சிவப்புக் குடை. "வாங்க வாங்க" என்று அவள் தண்ணீரில் சளக் சளக் என்று ஓடினால் கூட்டம் பின்னாலேயே ஓடும். வரிசையாக நிற்க வைப்பாள், குதிக்கச் சொல்வாள், குடையைக் கொடுத்துச் சாயச் சொல்வாள். படத்தில் ஒவ்வொருத்தருக்கும் கீழே இன்னொருத்தர் தலைகீழாக நிற்பார். பார்த்துவிட்டு அவர்களே வாயைப் பிளப்பார்கள்.

நான் கூட்டத்துக்குக் கடைசியில் வருவேன். விழுந்ததைப் பொறுக்குவேன், வழி மாறிப் போகிறவரைத் திருப்புவேன், தண்ணீரின் போக்கைப் பார்ப்பேன். இறங்கும்போது எல்லாருடைய சிலிப்பரையும் வாங்கி ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொள்வேன், திரும்பி ஏறும்போது அவரவர் காலுக்குக் கொடுப்பேன். தலையை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தலை ஓடும், ஆடும், குனியும், படத்துக்கு ஒளியும். சிலிப்பர் அப்படியில்லை. கூடை காலியானால் மணலில் ஆள் இல்லை. இந்தப் பெருமையை ஒருநாள் கிள்ளானிலிருந்து வந்த ஓர் ஐயாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தன் புதுச் சிலிப்பரைத் தயங்கித் தயங்கிக் கூடையில் போட்டுவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, கடலுக்கு நடுவுலயும் கோயில் வாசல் மாதிரி செருப்புக்கு ஆள் வச்சிருக்காங்களா?"

போனில் தெரியாதவள்

நாங்கள் குடியிருந்த தோட்டத்தை வீடு கட்டுகிற ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். எங்கள் லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புக்கிட் ரோத்தானில் ஒரு சின்ன வீடு பார்த்தோம். முன்னால் ஒரு மாமரம், சமையல்கட்டில் நல்ல வெளிச்சம். என் வீட்டுக்காரர் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர், ஓட்டினால்தான் கூலி. பேங்க்காரர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் ஒருத்தருக்காவது நிரந்தர வேலை வேண்டும் என்று சொல்லிவிட்டார். நானும் நாள் கூலிதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தவுக்கே, அதான் முதலாளி, ஒரு புதுச் சட்டம் போட்டார். பாசிர் பெனம்பாங் ஊர்க்காரர், மீன் வியாபாரத்திலிருந்து சுற்றுலாவுக்கு வந்தவர். வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும், கூட்டம் குறையும், இரண்டு பெண்கள் தேவைப்படாது. ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன், மாசச் சம்பளம், எல்லாம் முறைப்படி என்றார். யாரை? பயணிகள் போனில் நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்களே, அதில் யார் பேர் அதிகம் வருகிறதோ அவளை. நான் அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். செல்வி, செல்வி, செல்வி. "செல்வி சூப்பர்." "செல்வியைக் கேளுங்கள்." ஓரிடத்தில் குடையைக்கூடப் பாராட்டியிருந்தார்கள். என் பேர் எங்கேயும் இல்லை. வெட்கத்தை விட்டு மறுநாள் தவுக்கேயிடமே போய் நின்றேன். அவர் நல்ல மனுஷர்தான். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்:

"சாந்தி, நீ நல்லா வேலை செய்றது எனக்குத் தெரியும்லா, ஆனா இதுக்குத் தெரியலையே."

மணலில் ஒரு படை

இப்போது ஸ்பானிய மொழிக்கு வருகிறேன். கோலாலம்பூரில் ஒரு ஏஜெண்டு ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று அந்தப் பாஷைக்காரர்களையே எங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் என் பேரையும் எழுதுவார்களோ என்ற நப்பாசையில் போனில் பாடம் படித்தேன். "ஓலா", "கிராசியாஸ்", "ஜாக்கிரதை, ஜெல்லி மீன்". அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

ஒருநாள் ஸ்பெயினிலிருந்து ஒரு ரொட்டிக் கடைக்காரர் வந்தார். பெரிய உடம்பு, மெதுவான நடை, படம் எடுப்பதில் இஷ்டமில்லை. கூட்டம் முன்னால் போக அவர் பின்தங்கி என்னோடு நடந்தார். நீ ஏன் எப்போதும் கடைசியிலேயே வருகிறாய் என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் ஏறின பிறகுதான் நான் ஏறணும், அதுதான் வேலை என்றேன். அவர் நின்றார். "ரெத்தாகுவார்தியா" என்றார். எனக்கு விளங்கவில்லை. குனிந்து, தண்ணீருக்கடியில் இருந்த மணலில் விரலால் வரைந்தார். ஒரு நீளக் கூட்டம். அது படை. அதன் மூக்கில் ஒரு புள்ளி, அது முன்னணி. வாலில் இன்னொரு புள்ளி. படை திரும்பி வரும்போது எதிரி துரத்தினால் அந்த வால்தான் தாங்கும், நடக்க முடியாதவனைத் தூக்கிவரும், எவனும் விட்டுப்போகாமல் பார்க்கும். அதன் பேர்தான் ரெத்தாகுவார்தியா.

அவர் வரைந்த படையைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. முதலில் மூக்கு போனது, அப்புறம் உடம்பு. வாலில் இருந்த புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அதன் மேலே ஒரு வெள்ளை மேகம் மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருஷம் செய்த வேலைக்கு ஒரு பேர் இருக்கிறது, அதுவும் பட்டாளத்துப் பேர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாலிபத்தில் கட்டாயப் பட்டாளத்தில் இருந்தாராம், மலையேறும் பயிற்சியில் அவரை எப்போதும் கடைசியில்தான் விடுவார்களாம். படகை நோக்கி நடந்துகொண்டே சொன்னார்:

"ஒருத்தனுக்கும் இப்ப என் பேர் ஞாபகம் இருக்காது, ஆனா எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சேந்தாங்க."

தூசியும் கூழையும்

வீட்டில் போய் இந்தச் சொல்லைச் சொன்னேன். என் மகள் தர்ஷினி இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்துப் படிக்கிறாள். அவள் தன் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். நம் பழைய தமிழிலும் இதெல்லாம் உண்டாம். படைக்கு முன்னால் போகிறதுக்குத் தூசிப்படை என்று பேர், பின்னால் வருகிறதுக்குக் கூழை என்று பேர்.

சோற்றுக்கு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையை நிறுத்தினார். கூழைக் கும்பிடுதான் எனக்குத் தெரியும், கூழையில் பட்டாளம் வேறு இருக்கிறதா என்றார். அப்படியென்றால் செல்வி தூசி, நான் கூழை என்று தர்ஷினி விளக்கினாள். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். மண் ரோட்டில் லோரி ஓட்டுகிறவர் அல்லவா, அவர் யோசனை அந்த வழியாகத்தான் போகும். கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"சரியாத்தான் பேர் வச்சிருக்கான், முன்னால போறவன் தூசி, அது விழுறது பூரா பின்னால வர்றவன் கண்ணுல."

அந்தச் சொல் குடியிருந்த வீடுகள்

அப்புறம் எந்த ஸ்பானியக் கூட்டம் வந்தாலும் சிலிப்பர் வாங்கும்போதே மார்பில் கையை வைத்து, "யோ சோய் லா ரெத்தாகுவார்தியா" என்று அறிவித்துவிடுவேன். நான்தான் பின்படை. எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொருத்தர் சிரிப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஏன் என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் சொல் பட்டாளத்தை விட்டு எங்கெங்கே போய்க் குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அர்ஜென்டினாவிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளுக்கு அது பந்து விளையாட்டு. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்களை அப்படிச் சொல்வார்களாம். என்னைக் கூடைக்கு முன்னால் நிற்கவைத்துச் சிலிப்பரை உதைத்துப் பார்த்தார்கள். நான் தடுத்தேன். ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆபீஸ்காரர் முகத்தைச் சுளித்தார். எங்கள் ஊர் எல்லாவற்றிலும் ரெத்தாகுவார்தியாவில் கிடக்கிறது, ரயில் வரவில்லை, ரோடு வரவில்லை என்று புலம்பினார். அவருக்கு அது பின்தங்கிப் போனதன் பேர். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு முழுக்க அந்தச் சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை.

மெக்சிகோவிலிருந்து ஒரு புதுப் பெண் தேனிலவுக்கு வந்திருந்தாள். புருஷனைச் செல்வியிடம் படத்துக்கு விட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றாள். சண்டை நடக்காத இடத்துக்கும் அதே பேர்தான் என்றாள். ஆம்பளைகள் சண்டைக்குப் போனால் ஊரில் இருந்து ரொட்டி சுட்டு, காயத்துக்குத் துணி கிழித்து அனுப்புகிறார்களே, அந்த ஊரும் ரெத்தாகுவார்தியாதானாம். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. கீழே தண்ணீரில் இருந்த அவள் முகமும் கலங்கியதா, காற்றில் தண்ணீர்தான் அசைந்ததா தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னாள்:

"எங்க அம்மா இதுவரைக்கும் கடலையே பாத்ததில்ல, கடையப் பாத்துக்கிறேன் நீ போய்ட்டு வான்னுட்டாங்க."

ஒரு மாமி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். மட்ரிட் பக்கத்திலிருந்து ஒரு பருமனான மாமி வந்தார். நான் மார்பில் கை வைத்து என் பட்டத்தை அறிவித்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். படகே ஆடியது. அவர்கள் ஊரில் வேடிக்கையாக உடம்பின் ஒரு பாகத்தையும் அப்படிச் சொல்வார்களாம். எது என்று கேட்டேன். அந்த மாமி எழுந்து நின்று, திரும்பி, இரண்டு கையாலும் தட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"நீ வேலைக்குத்தான் ரெத்தாகுவார்தியா, நான் பொறப்புலயே."

நான் யாரிடமும் சொல்லாதது

செல்வி கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் நான் பாட்டுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியும். எனக்காகப் பயணிகளிடம் "சாந்தி அக்கா பேரை எழுதுங்க" என்று கெஞ்சுவாள். அவர்களும் சரி சரி என்பார்கள். கரைக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு, "செல்வி எவ்வளவு நல்ல பெண்" என்று எழுதிவிடுவார்கள். அவள் என்னிடம் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பாள். நான் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும், பாருங்கள் கூத்தை.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. எல்லாரும் படகில் ஏறிய பிறகு நான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் பேர். கால் தடம் எல்லாம் கரைந்திருக்கும். குதித்தவர்கள், கத்தியவர்கள், குடை பிடித்தவர்கள் யாரும் இல்லாமல் வானம் மட்டும் அப்படியே கீழே கிடக்கும். ஒரு நாரை பறந்தால் இரண்டு நாரை. நான் நிற்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே தெரியாது. சமையல், லயம், பேங்க், மழைக்காலம் எல்லாம் எங்கோ இன்னொருத்திக்கு நடப்பது போல இருக்கும். முன்னால் போகிறவளுக்கு இது கிடைக்காது. அவள் பார்க்கும்போது கூட்டம் வந்துவிடும். படகு ஓட்டுகிற செங் அங்கிள் விசில் அடிப்பார், நான் ஏறிக்கொள்வேன். அந்த நேரத்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்வி ஒருநாள் பரிதாபப்பட்டாள்:

"அக்கா, நீங்க எப்பப் பாத்தாலும் கடைசியா வெறும் எடத்தையே பாக்குறீங்க, ஒரு தடவையாவது படத்துக்குள்ள வாங்கக்கா."

சுமாத்ராக் காற்று

தவுக்கே முடிவு சொல்வதாக இருந்த வாரம். பெரிய கூட்டம், இரண்டு படகு. செல்வியும் நானும் செங் அங்கிள் படகில் போனோம். அவர் சீனர்தான், ஆனால் தோட்டத்துக் கடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், நம்மை மாதிரியே தமிழ் பேசுவார். காலை அமைதியாகத்தான் இருந்தது. திடீரென்று மேற்கே கறுத்தது. சுமாத்ராக் காற்று என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளங்கும், அது அழைப்பு அனுப்பிவிட்டு வராது. வானத்தில் இருந்த கண்ணாடி உடைந்தது, கீழே இருந்ததும் உடைந்தது. மழை சாய்வாக அடித்தது. ஆட்கள் எந்தப் படகு கிட்டே இருந்ததோ அதில் விழுந்தடித்து ஏறினார்கள். நான் கடைசியாக ஏறினேன். திரும்பிப் பார்த்தேன், வெள்ளை மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டு படகும் கிளம்பிவிட்டன.

நடுங்குகிறவர்களுக்குத் துண்டைக் கொடுத்துவிட்டுச் சிலிப்பர் கொடுக்க ஆரம்பித்தேன். படகு மாறி ஏறியவர்களால் கூடையில் சில ஜோடி மிச்சம் இருந்தது. எடுத்து எடுத்து யாருடையது என்று நினைவுபடுத்திக்கொண்டே வந்தேன். அடியில் ஊதாக் கலர் சிலிப்பர், மேலே ஒரு பூ. செல்வியுடையது. அவள் மற்றப் படகில் இருப்பாள் என்றார் செங் அங்கிள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்றவர்கள் ஓடுவார்கள். ஆனால் ஜெட்டிப் பலகையில் கிளிஞ்சல் குத்தும் என்று வெறுங்கால் வைக்கமாட்டாள் அவள், எந்த அவசரத்திலும் என்னிடம் கத்திக் கேட்டுச் சிலிப்பரை வாங்கிக்கொண்டுதான் போவாள். அன்றைக்குக் கத்தவில்லை. மற்றப் படகுக்குப் போன் போட்டேன், மழையில் லைன் கிடைக்கவில்லை. திருப்புங்கள் அங்கிள் என்றேன். அவர் என்னையும் நடுங்கிக்கொண்டிருந்த பயணிகளையும் பார்த்தார். தண்ணீர் ஏறுகிறது, இவர்கள் கோபத்தில் ஏதாவது எழுதினால் இந்த வாரத்தில் உன் கதி என்ன ஆகும் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் அந்த மாமரம் ஒரு நொடி கண்ணில் வந்தது, பொய் சொல்லமாட்டேன். திருப்புங்கள் என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. ஒரு பயணி எழுந்து என்னைத் திட்டினார். பாஷை விளங்காததால் நான் பொருட்படுத்தவில்லை.

மழைக்குள் முதலில் சிவப்புக் குடைதான் தெரிந்தது. காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போக, அவள் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் படகு இரண்டையும் காணோம். தொடை வரைக்கும் தண்ணீர். மடக்கிய குடையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்துப் படகில் போட்டேன். அணைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம், மழையில் யாருக்கும் தெரியவில்லை. பல் கிட்டிக்கொண்டு அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது:

"முன்னால போறவள யாரும் தேடமாட்டாங்கக்கா, ஏற்கனவே போயிருப்பான்னுதான் நெனைப்பாங்க."

தவுக்கேயின் தேத்தண்ணி

வெளியில் சொல்ல வேண்டாம் என்று செங் அங்கிள், செல்வி, நான் மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டோம். ஆளை விட்டுவிட்டு வந்தது தெரிந்தால் தவுக்கே எல்லாரையும் பிடித்துக் காய்ச்சுவார். ஆனால் அந்தப் பயணி எழுதிவிட்டார். ஒரே ஒரு நட்சத்திரம். புயலில் படகைத் திருப்பச் சொல்லிக் கத்திய சாந்தி என்ற பெண்ணை வேலையில் வைத்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார், எதற்காகத் திருப்பினேன் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. சட்டையில் குத்தியிருந்த பேரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார். என் பேர் போனில் வந்தது அதுதான் முதல் தடவை.

தவுக்கே என்னைக் கூப்பிட்டார். ஏன் திருப்பினாய் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் செல்விக்குக் கெட்ட பேர், நிரந்தர வேலை எப்படியும் அவளுக்குத்தான், அதையும் நான் ஏன் கெடுக்க வேண்டும்? வீடு போனது போனதுதான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். வாசலில் நின்றிருந்த செல்வி உள்ளே வந்தாள். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். குடைக்குப் பின்னால் ஓடியது, தொடை வரைக்கும் தண்ணீர் வந்தது, கூடையின் அடியில் கிடந்த சிலிப்பர், எல்லாம். ராவாங்கில் தன் அக்கா வீட்டில் இருந்துகொண்டு மழை முடிகிறவரைக்கும் பேக்டரிக்குப் போய்க்கொள்வதாகவும், வேலையை எனக்கே கொடுக்கும்படியும் சொன்னாள். அடி பாவி என்று என் வாய் வரைக்கும் வந்தது.

தவுக்கே தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் ஒரு முழு மழைக்காலம் மாதிரி நீண்டது. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சரி சாந்தி, வேலை உனக்கு, ஆனா ஒரே ஆள்தான், அதனால இனிமே நீ முன்னால போ."

மாமரத்து வீடும் மழைக்காலமும்

பேங்க்காரர் சரி சொல்லிவிட்டார். புக்கிட் ரோத்தான் வீட்டில் பால் காய்ச்சினோம். செல்வி ராவாங்கிலிருந்து வந்து, தர்ஷினியை மாமரத்தடியில் நிறுத்தி ஏகப்பட்ட படம் எடுத்தாள். மழை விட்டதும் திரும்ப வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தவுக்கேயும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது சிவப்புக் குடை என் கையில் இருக்கிறது. மழைக்கு நடுவே எப்போதாவது ஒரு தெளிந்த காலை வரும். நாலைந்து பேர் வருவார்கள். நான் முதலில் இறங்கித் தண்ணீரில் கால் வைப்பேன். எனக்கு முன்னால் யாரும் மிதிக்காத வானம் கிடக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சொக்கிப் போவார்கள், எனக்கோ முதுகு குறுகுறுக்கும். பின்னால் யாரும் இல்லை என்ற நினைப்பே பிடரியில் ஈரத்துணி போட்டது மாதிரி இருக்கும். ரெண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்ப்பேன், இன்னும் ரெண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்ப்பேன். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஒருநாள் பேசாமல் திரும்பியே நின்றுகொண்டேன். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகக் கால் வைத்து வைத்து நடந்தேன். எல்லாருடைய முகமும் தெரிந்தது, அவர்களுக்குப் பின்னால் இருந்த வெறும் இடமும் தெரிந்தது. மனசு அடங்கிவிட்டது. பயணிகள் இதுவும் ஒரு வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். படகிலிருந்து செங் அங்கிள் கத்தினார்:

"சாந்தி, முன்னால என்னா இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு நடலா, விழுந்து வைக்கப் போற."

ஆக, ரெத்தாகுவார்தியாவுக்குப் பதவி உயர்வு கொடுக்க இந்த உலகத்துக்குத் தெரிந்தது ஒரே வழி, அவளைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துவது; அதைச் சமாளிக்க அவளுக்குத் தெரிந்ததும் ஒரே வழி, பின்பக்கமாகவே நடந்து முன்னால் போவது.